அப்பாவுக்காக ஒரு கால்குலேட்டர்

முதல் வருஷம் சி லேபில் நாம எல்லாரும் கால்குலேட்டர் ப்ரோகிராம் எழுதியிருப்போம். ஒரு ஸ்விட்ச், நாலு கேஸ். பூஜ்யத்தால் வகுத்தா என்னோடது அப்படியே நின்னுடும். ஆனாலும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியாச்சு, மறந்தாச்சு. கிட்டத்தட்ட நம்ம வயசில், 19-ல், கால்குலேட்டர் செய்ய ஆரம்பிச்ச ஒருத்தர் அதை அப்படி விடலை. அவர் ப்ளேஸ் பாஸ்கல். ப்ரெஷர் யூனிட்டில் வர்ற அதே பாஸ்கல்தான்.

1623-ல் பிரான்ஸில் க்ளெர்மோன் ஊரில் பிறந்தார். மூணு வயசில் அம்மா இறந்துட்டாங்க. வீட்டிலேயே பாடம் சொல்லி வளர்த்தது அப்பா எத்தியேன். அவருக்கு ரூவான் நகரில் வரிக்கணக்கு வேலை. முடிவே இல்லாத கூட்டல். அதிலும் அந்த ஊர்க் காசு 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லீவ்ர். மேல்பட்டாம்பாக்கத்தில் என் தாத்தா சின்னப் பையனா இருந்தப்போ போட்ட கணக்கும் இதே ரகம்: 12 தம்பிடி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். அப்பாவோட கஷ்டத்தைக் குறைக்க 1642-ல் மகன் பல்சக்கரங்களோட உட்கார்ந்தார்.

கூட்டுறது சுலபம். மிச்சம் கொண்டுபோறதுதான் வில்லங்கம். 99999-ஓட 1 கூட்டினா எல்லாச் சக்கரமும் ஒண்ணா நகரணும். கடைசிச் சக்கரத்தைத் திருப்புற கைக்கு அவ்வளவு பலம் வேணும். பாஸ்கல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் எடையுள்ள ஒரு நெம்புகோல் வச்சார். சக்கரம் சுத்தச் சுத்த அது கொஞ்சம் கொஞ்சமா மேலே ஏறும். 9 தாண்டி 0 வந்ததும் தொப்புன்னு விழுந்து அடுத்த சக்கரத்தை ஒரு பல் தள்ளும். தள்ளுறது புவியீர்ப்பு, கை இல்லை. எனக்கு இந்த இடம்தான் செமயா பிடிச்சது.

ஆனா இதனால சக்கரம் பின்னாடி சுத்தாது. அப்போ கழித்தல்? 85-லிருந்து 32 போகணும்னா, 85-ஓட ஒவ்வொரு இலக்கத்தையும் 9-லிருந்து கழிச்சா 14. அதோட 32 கூட்டினா 46. மறுபடி 9-லிருந்து கழிச்சா 53. விடை அதுதான்! மனசில் கழிக்க வேண்டாம். ஒரு பட்டையை நகர்த்தினா ஜன்னலில் மாத்து எண்ணே தெரியும். நம்ம கம்ப்யூட்டர் பைனரியில் கழிக்கிறதும் இந்த வழியில்தான்.

நடுவுல ரூவானில் ஒரு கடிகாரக்காரர் இதைப் பார்த்து காப்பி அடிச்சார். வெளியே பளபளப்பு, உள்ளே உதவாது. அதைப் பார்த்து வெறுத்துப்போன பாஸ்கல் வேலையாட்களை அனுப்பிட்டு எல்லாத்தையும் நிறுத்திட்டார். சான்சலர் செகியே ஊக்கம் கொடுத்த பிறகுதான் திரும்ப ஆரம்பிச்சார். 1645-ல் மெஷின் வெளியே வர்றதுக்குள்ள சுமார் 50 மாடல் செஞ்சு பார்த்திருந்தார். 1649-ல் ராஜாவோட தனியுரிமையும் கிடைச்சது.

விலை அதிகம், அதனால பெருசா விற்கலை. 1654-க்கு அப்புறம் அவர் மனசு பெரும்பாலும் மதத்துப் பக்கம் போயிடுச்சு. உடம்பு எப்பவுமே சரியில்லை; 1662-ல், 39 வயசில் இறந்துட்டார். அவர் செஞ்ச மெஷின்களில் சில பாரிஸ் மியூசியத்தில் இன்னும் இருக்கு.