சூட்டை அளந்த கம்பி: வில்லியம் சீமென்ஸ் பார்க்காமலே போன வெற்றி

சார்ஜில் போட்டுக்கொண்டே ரொம்ப நேரம் வீடியோ பார்த்தால், போன் சூடாகிவிட்டது என்று திரையில் எச்சரிக்கை வரும். சில போன்கள் சார்ஜ் ஏறுவதையே நிறுத்திவிடும். போனுக்குள் பாதரச தெர்மாமீட்டர் எதுவும் இல்லையே, அதுக்கு எப்படித் தெரியுது?

பேட்டரியோடு கடுகளவு பாகம் ஒன்று சேர்ந்திருக்கிறது. சூடு மாறினால் அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் போன் முடிவெடுக்கிறது.

மின்தடையை வைத்து வெப்பநிலையை அளக்கலாம் என்பதை 160 ஆண்டுகளுக்கும் முன்பே வேலையில் இறக்கிக் காட்டியவர் வில்லியம் சீமென்ஸ். சீமென்ஸ் என்றதும் ஞாபகம் வரும் அதே நிறுவனம்தான். அதைத் தொடங்கிய வெர்னர் சீமென்ஸின் தம்பி இவர். ஆனால், இவருடைய வெப்பமானியை நம்ப முடியாது என்று அறிவியல் உலகம் ஒருகட்டத்தில் ஒதுக்கிவைத்தது. தவறு எங்கே இருந்தது என்பது தெரியவந்தபோது, அவர் உயிரோடு இல்லை.

லண்டனில் தவறான கடை

வில்லியம் 1823 ஏப்ரல் 4 அன்று ஜெர்மனியின் ஹனோவர் அருகே லெந்தே என்ற ஊரில் பிறந்தார். அப்பா குத்தகை விவசாயி. வீடு நிறையப் பிள்ளைகள். 1839-ல் அம்மா இறந்தார், அடுத்த வருஷமே அப்பாவும் போய்விட்டார். தம்பி, தங்கைகளைக் கரையேற்றும் பொறுப்பு அண்ணன் வெர்னர் தலையில் விழுந்தது.

வெர்னர் மின்முலாம் பூசும் முறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அதை விற்றுக் காசாக்க 1843-ல் இங்கிலாந்துக்குக் கிளம்பினார் 19 வயது வில்லியம். ஆங்கிலம் அரைகுறை. லண்டனில் அண்டர்டேக்கர் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து, புதிய கண்டுபிடிப்புகளைப் பொறுப்பேற்று நடத்தும் இடம் போல என்று உள்ளே போய்விட்டார். அது இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்யும் கடை!

அப்படியும் விடவில்லை. பர்மிங்ஹாமில் இருந்த எல்கிங்டன் நிறுவனத்துக்கு அந்த உரிமையை சுமார் 1,600 பவுண்டுக்கு விற்றார். பிறகு இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1859-ல் பிரிட்டிஷ் குடிமகன் ஆனார். அதே ஆண்டு ஆன் கார்டன் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார்.

கேபிளுக்குள் ஒளிந்திருந்த சூடு

1860-ல் ரங்கூனையும் சிங்கப்பூரையும் இணைக்கும் தந்தி கேபிள் ஒன்று இங்கிலாந்தில் தயாரானது. அதை மின்சோதனை செய்யும் வேலை சீமென்ஸ் சகோதரர்களுக்கு வந்தது.

அந்தக் காலக் கடலடி கேபிளில் செம்புக் கம்பியைச் சுற்றி கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பொருளைப் பூசுவார்கள். சூடு பட்டால் அது இளகிவிடும். இளகினால் உள்ளே இருக்கும் செம்பு நகர்ந்து, கேபிளே வீணாகும். மைல் கணக்கில் சுருட்டி அடுக்கிய கேபிளின் நடுவில் என்ன சூடு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? கண்ணாடி தெர்மாமீட்டரை அங்கே நுழைக்க முடியாது. நுழைத்தாலும் படிக்க முடியாது.

வில்லியம் வேறு வழியில் யோசித்தார். உலோகக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும். தந்திப் பொறியாளர்களுக்கு இது ஒரு தொல்லை. வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் தொல்லையையே அவர் கருவியாக்கினார். மெல்லிய கம்பிச் சுருள்களைக் கேபிள் அடுக்குகளுக்கு நடுவே வைத்து, வெளியில் உட்கார்ந்தபடியே மின்தடையை அளந்தார்.

வெளியே குளிராக இருந்தபோதும் உள்ளே சூடு ஏறிக்கொண்டிருந்தது. ஈரத்தில் இருந்த இரும்பு உறை துருப்பிடிப்பதால் வந்த வெப்பம் அது. பலர் நம்பவில்லை. குளிர்ந்த நீரை மேலே ஊற்றிப் பார்த்தார்கள். அது வெதுவெதுப்பாகக் கீழே வந்தது. அந்த கேபிள் கடைசியில் ரங்கூனுக்குப் போகவில்லை. 1861-ல் மால்டாவுக்கும் அலெக்சாண்ட்ரியாவுக்கும் இடையே போடப்பட்டது.

உலைக்குள் பிளாட்டினம்

வில்லியமின் இன்னொரு பெரிய வேலை உலை. வீணாக வெளியேறும் புகையின் வெப்பத்தைப் பிடித்து மறுபடி உலைக்கே தரும் முறையை அவரும் தம்பி பிரெடரிக்கும் உருவாக்கினார்கள். இரும்பாலைகளில் திறந்த உலை எஃகு பரவியது இதனால்தான். மைக்கேல் ஃபாரடே 1862-ல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் நிகழ்த்திய கடைசி வெள்ளிக்கிழமை உரை, சீமென்ஸ் உலையைப் பற்றியதுதான்.

ஆனால், உலைக்குள் எவ்வளவு சூடு? பாதரசம் சுமார் 357 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேண்டும். எனவே பிளாட்டினக் கம்பியைக் களிமண் உருளையில் சுற்றி, இரும்புக் குழாய்க்குள் வைத்தார். 1871-ல் ராயல் சொசைட்டியின் பேக்கரியன் சொற்பொழிவில் இதை விளக்கினார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உலையிலிருந்து அளவைக் கருவி வரை வரும் ஒயருக்கும் மின்தடை இருக்கிறது. அதுவும் கணக்கில் சேர்ந்தால் அளவு தப்பும். மூன்றாவதாக ஒரு ஒயரைச் சேர்த்து, அந்தப் பிழையைக் கழித்துவிட்டார் வில்லியம். இன்றும் தொழிற்சாலைகளில் பல வெப்ப சென்சார்களில் மூன்று ஒயர் இருப்பதற்குக் காரணம் இதுவே.

விழுந்த அடி

பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் குழு ஒன்று இந்த வெப்பமானியைச் சோதித்து, 1874-ல் அறிக்கை தந்தது. முடிவு சாதகமாக இல்லை. உலையில் சிவக்கச் சூடாக்கிவிட்டு ஆறவைத்தால், கம்பியின் மின்தடை பழைய எண்ணுக்குத் திரும்பவில்லை.

ஒரு சென்சாருக்கு இதைவிடப் பெரிய குறை கிடையாது. அதே சூட்டுக்கு நேற்று ஒரு எண், இன்னைக்கு ஒரு எண் என்றால் யார் நம்புவார்கள்? ஆய்வகங்கள் பிளாட்டின வெப்பமானியைக் கைவிட்டன.

வில்லியமுக்கு மற்ற வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. சகோதரர்கள் சேர்ந்து அமைத்த லண்டன்–டெஹ்ரான் தந்திப் பாதை 1870-லேயே கல்கத்தா வரை செய்தியைக் கடத்தியது. 1883-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் தெருவில் நடந்து வரும்போது தடுக்கி விழுந்தார். சில நாட்களில், நவம்பர் 19 அன்று இறந்தார். வயது 60.

குற்றவாளி யார்?

மூன்று ஆண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஹியூ கேலெண்டர் என்ற 23 வயது இளைஞர் இதைக் கையில் எடுத்தார். கிரேக்கம், லத்தீன், கணிதம் என்று படித்துவிட்டு வந்தவர்.

சீமென்ஸின் யோசனையில் பிழை இல்லை, கம்பி இருந்த சூழலில்தான் பிழை என்று அவர் காட்டினார். கடும் சூட்டில் களிமண்ணும் உலோக ஆவியும் வாயுக்களும் பிளாட்டினத்தைக் கெடுத்துவிடுகின்றன. சுத்தமான கம்பியை இழுவிசை இல்லாமல் சுற்றி, அழுக்கு சேராமல் பாதுகாத்தால் அது ஒவ்வொரு முறையும் அதே எண்ணுக்குத் திரும்பும். 1887-ல் அவருடைய கட்டுரை வெளியானது. பிளாட்டின வெப்பமானிக்கு மறுவாழ்வு கிடைத்தது.

இப்போது எங்கே இருக்கிறது?

இன்று மருந்து ஆலை, பால் பண்ணை, மின்நிலையம் எல்லாவற்றிலும் இருப்பது பிடி 100 சென்சார். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் சுமார் 138.5 ஓம். அதாவது ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.385 ஓம். சர்வதேச வெப்ப அளவுகோலிலும் மைனஸ் 259 டிகிரியிலிருந்து சுமார் 962 டிகிரி வரை பிளாட்டின வெப்பமானிதான் அதிகாரபூர்வ கருவி.

போனில் இருப்பது இதன் உறவுக்காரரான தெர்மிஸ்டர். அது உலோகமல்ல, குறைக்கடத்தி. சூடு கூடினால் அதன் மின்தடை குறையும். விலை மலிவு, சிறு மாற்றத்தையும் காட்டும். ஆனால் பிளாட்டினம் அளவுக்கு அகன்ற எல்லை கிடையாது.

மின்தடை சூட்டால் மட்டும் மாறுவதில்லை, கம்பியின் நீளத்தாலும் மாறும். பைக்கின் பெட்ரோல் டேங்கில் மிதவை ஏறி இறங்கும்போது, ஒரு முனை மின்தடைப் பட்டை மேல் நகரும். மின்சாரம் கடக்கும் நீளம் மாற, மீட்டரில் முள் நகர்கிறது. இடத்தை அளக்கும் சென்சாருக்கு இது எளிய உதாரணம். இங்கேயும் சிக்கல் அதேதான்: உரசி உரசித் தேய்ந்தால் எண் தப்பும். அதனால்தான் புதிய வண்டிகளின் பல பாகங்களில் உரசலே இல்லாத காந்த சென்சார்கள் வந்துவிட்டன.

சென்சார் வாங்கும்போது பலரும் முதலில் பார்ப்பது, எத்தனை டிகிரி வரை அளக்கும் என்பதை. சீமென்ஸின் கருவி அதில் தோற்கவில்லை. ஆறிய பிறகு பழைய எண்ணுக்குத் திரும்புமா என்ற கேள்வியில்தான் தோற்றது. அந்தக் கேள்விக்காகத்தான் தொழிற்சாலைகள் இன்றும் சென்சார்களைக் கழற்றி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்க்க அனுப்புகின்றன.