முடியாத ஆட்டம், பரிசு ஒரு பாட்டில் ஒயின்: யார் இந்த ஸ்டெஃபான் பனாக்?

ஓர் ஆட்டம் முடியவே முடியாது. அதில் யார் ஜெயிப்பார்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா? 1935-ல் முடியும் என்று காட்டியவர் போலந்து கணித மேதை ஸ்டெஃபான் பனாக்.

1892 மார்ச் 30-ல் கிராகோவில் பிறந்தவரை வளர்த்தது பெற்றோர் அல்ல, துணி வெளுக்கும் ஒரு பெண்மணி. இன்ஜினீயரிங் படிப்பு முதல் உலகப் போரால் பாதியில் நின்றது. 1916-ல் பூங்காவில் நண்பருடன் அவர் கணிதம் பேசியது, அந்த வழியாகப் போன பேராசிரியர் ஸ்டெய்ன்ஹாஸ் காதில் விழுந்தது. அங்கேதான் திருப்பம். 1920-ல் லுவோவ் நகரில் (இன்றைய உக்ரைனின் லிவிவ்) பேராசிரியர் லோம்னிட்ஸ்கி அவரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பட்டப்படிப்பே முடிக்காதவருக்கு முனைவர் பட்டமும் கிடைத்தது.

அங்கிருந்த ஸ்காட்டிஷ் கஃபேதான் நண்பர்களின் அடா. மேஜையில் எழுதிய கணக்குகள் துடைக்கப்பட்டு காணாமல்போக, பனாக்கின் மனைவி ஒரு கெட்டி நோட்டு வாங்கிக் கொடுத்தார். அதில் 43-வது கேள்வி நண்பர் மசூருடையது. பரிசு, ஒரு பாட்டில் ஒயின்.

ஆட்டம் என்ன?

ஒரு கோட்டில் சில புள்ளிகள் முதல் ஆட்டக்காரருக்குச் சொந்தம். இருவரும் மாறி மாறி, முந்தைய துண்டுக்குள்ளேயே இன்னும் சின்னத் துண்டாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போக வேண்டும். எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவாக மிஞ்சுவதில் அவருடைய புள்ளி இருந்தால் வெற்றி அவருக்கு. இல்லாவிட்டால் எதிராளிக்கு.

அவரிடம் எல்லாப் பின்னங்களும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கோட்டில் எவ்வளவு சின்னத் துண்டை எடுத்தாலும் அதில் பின்னம் இருக்கும், ஆனாலும் தோற்பார்! பின்னங்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தலாம். எதிராளி ஒவ்வொரு முறையும் வரிசையில் அடுத்த பின்னம் சிக்காத துண்டாக எடுத்தால் போதும், கடைசியில் ஒன்றுகூட மிஞ்சாது. இப்படி எதிராளி நிச்சயம் ஜெயிக்கும் கணங்கள் எவை என மசூர் யூகித்திருந்தார். அது சரியே என்று பனாக் 1935 ஆகஸ்ட் 4-ல் நோட்டில் எழுதினார். இடவியலில் இன்று ஆராயப்படும் முடிவிலி ஆட்டங்களுக்கு முன்னோடி இதுதான்.

இருண்ட காலம்

1941-ல் நாஜிகள் நகரைப் பிடித்தார்கள். லோம்னிட்ஸ்கி உள்ளிட்ட பேராசிரியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பனாக் பிழைத்தது, டைஃபஸ் தடுப்பூசி தயாரித்த வைகல் ஆய்வகத்தில். வேலை? பேன்களுக்குத் தன் ரத்தத்தையே உணவாகக் கொடுப்பது.

போர் முடிந்த அதே ஆண்டு, 1945 ஆகஸ்ட் 31-ல் நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 53. கஃபே நோட்டு மட்டும் போரைத் தாண்டிப் பிழைத்தது. அதன் கேள்விகளில் சில இன்னும் கணிதர்களுக்கு வேலை வைக்கின்றன.