சர் சி. வி. இராமன்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, திருவரங்கத்தை அடுத்து விளங்குவது திருவானைக்காவல். ஐம்பூதத் தலங்களுள் அது நீருக்கு உரியது. அவ்வூரில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகவாய்த் தோன்றியவரே, பின்னாளில் நீரின் நிறத்தை ஆராய்ந்து உலகப் புகழெய்திய சர் சி. வி. இராமன் ஆவார்.

தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராய் அமர்ந்தமையால், இராமன் அந்நகரத்துக் கிறித்தவப் பள்ளியிற் பயின்றார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1904-இல் பி. ஏ. பட்டமும் 1907-இல் எம். ஏ. பட்டமும் பெற்றார். விஞ்ஞானத்தை நம்பி வாழ்வது அக்காலத்தில் அரிதாகலின், அரசாங்க நிதித்துறையில் உயர்பதவி ஏற்றுக் கல்கத்தா சென்றார். பகலெல்லாம் அலுவலகக் கணக்கு. காலையும் மாலையும் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1917-இல் அப்பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக் கழகத்திற் பேராசிரியரானார்.

1921-இல் கப்பலிற் செல்லுங்கால் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் சாயலே அந்நீலம் என்று ரேலி பிரபு கருதியிருந்தார். இராமனோ, நீர்ப்பரப்பிற் பட்டு மீளும் ஒளியை நிக்கல் பட்டகத்தால் விலக்கிப் பார்த்தார், நீலம் மறையவில்லை. இதன் காரணத்தை அறிய வெப்ப இயக்கவியல் துணை நின்றது. அசைவற்றதாகத் தோன்றும் நீரிலும் மூலக்கூறுகள் வெப்பத்தால் ஓயாது அலைகின்றன. அதனால் நீரின் அடர்த்தி இடத்துக்கிடம், கணந்தோறும் சிறிதளவு வேறுபடுகின்றது. அவ்வேறுபாடு ஒளியைச் சிதறச் செய்கின்றது. ஸ்மோலுகோவ்ஸ்கியும் ஐன்ஸ்டைனும் வகுத்த இக்கொள்கையை 1922-இல் இராமன் கடல் நீருக்குப் பொருத்திக் காட்டினார். செங்கதிர்களை நீர் தானே விழுங்கிவிடுவதும் நீலத்தை மிகுவிக்கின்றது என்றும் விளக்கினார்.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், கே. எஸ். கிருஷ்ணன் துணையுடன் நடத்திய ஆராய்ச்சியின் பயனாக இராமன் விளைவு வெளிப்பட்டது. மூலக்கூறுக்குத் தன் ஆற்றலில் ஒரு பகுதியை ஈந்த ஒளி சிவப்பை நோக்கி நகர்கின்றது. வெப்பத்தால் முன்னரே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிடம் ஆற்றலைப் பெற்ற ஒளி ஊதாவை நோக்கி நகர்கின்றது. சூடு ஏற ஏறப் பின்னதன் பங்கு மிகும். ஆதலின் இவ்விரண்டின் விகிதமே ஒரு வெப்பமானியாகின்றது. எஞ்சின் உருளையுள் எரியும் வாயுவின் வெப்பநிலையை, உள்ளே கருவி எதனையும் நுழைக்காமல் ஒளியால் அளந்தறிய இன்று இவ்விளைவு பயன்படுகின்றது.

1930-இல் நோபெல் பரிசு பெற்ற இப்பேரறிஞர், 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார்.

பொறியியல் பயில்வோர் வெப்ப இயக்கவியலைக் கொதிகலனுக்கும் நீராவி அட்டவணைக்கும் மட்டும் உரியதெனக் கருதி, தேர்வு முடிந்ததும் மறத்தல் உண்டு. கடலின் நிறத்திலும் அந்நூலின் விதியே ஆள்கின்றது. அதனைக் காண இராமன் செலவிட்டவை, பதவியின் பயனும் பத்தாண்டுக் காலைமாலைகளுமாம். நாம் செலவிட வேண்டுவது சிறிது பொறுமையே அன்றோ?