அப்சலோம் ஜோன்ஸும் ஆலயக் கமிட்டித் தேர்தலும்

சேகரக் கமிட்டித் தேர்தல் என்றால் தென் மாவட்டத்து வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. வேட்பாளர்கள் வீடு வீடாக வருவார்கள், அணிகள் பிரியும், முடிவு வந்த பிறகு சில குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோகும். சாமி கும்பிடுகிற இடத்தில் எதற்குத் தேர்தல் என்று அலுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் ஆலயத்தின் நிலம், உண்டியல், பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம் எல்லாம் யாருடைய கையெழுத்தில் நடக்கின்றன என்று பார்த்தால் அந்தக் கமிட்டியின் கனம் புரியும். அந்தக் கமிட்டியில் தாங்களே உட்கார வேண்டும் என்பதற்காக, அடிமையாகப் பிறந்த ஒருவரும் அவரோடு நின்ற மக்களும் 230 ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்காவில் கொடுத்த விலையை இந்த வாரம் பார்ப்போம். அவர் பெயர் அப்சலோம் ஜோன்ஸ்.

இந்தப் பத்தியில் கறுப்பின வரலாறு எதற்கு என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. 1946-ல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் படியை அதில் கேட்டிருந்தார். அந்த டூபாய்ஸ் 1899-ல் வெளியிட்ட பிலடெல்பியா ஆய்வு நூலில், இங்கே நாம் சொல்லப்போகும் ஆலயத்துக்கு முக்கியமான இடம் இருக்கிறது. உறவு பழையது.

அப்சலோம் 1746 நவம்பர் 6 அன்று டெலவேர் மாநிலத்தின் சசெக்ஸ் பகுதியில் ஓர் அடிமைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவனாக இருக்கும்போதே வயல் வேலையிலிருந்து எடுத்து வீட்டு வேலைக்கு வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் கொடுத்த சில்லறையைச் சேர்த்துவைத்து அரிச்சுவடி வாங்கினார். பிறகு எழுத்துக்கூட்டிப் படிக்கும் புத்தகம், பிறகு புதிய ஏற்பாடு. பார்க்கிறவர்களிடமெல்லாம் எழுத்துச் சொல்லித்தரும்படி கேட்டுக்கேட்டுப் படித்தார்.

1762-ல் எஜமான் பெஞ்சமின் வின்கூப் குடும்பத்தை உடைத்தார். தாயையும் ஐந்து சகோதரர்களையும் ஒரு சகோதரியையும் விற்றுவிட்டு, 16 வயது அப்சலோமை மட்டும் பிலடெல்பியாவுக்கு அழைத்துப்போனார். பகலெல்லாம் எஜமானின் கடையில் வேலை. அங்கிருந்த குமாஸ்தா ஒருவரிடம் எழுதக் கற்றுக்கொண்டார். 1766-ல் அனுமதி கேட்டு வாங்கி, கறுப்பின மக்களுக்காக நடந்த இரவுப் பள்ளிக்கும் சிறிது காலம் போனார்.

1770-ல் மேரி என்ற பெண்ணை மணந்தார். அவரும் அடிமை. அப்சலோம் முதலில் தன் விடுதலைக்குப் பணம் சேர்க்கவில்லை, மனைவியின் விடுதலைக்குச் சேர்த்தார். அன்றைய சட்டப்படி பிள்ளைக்குத் தாயின் நிலைதான். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை, தாய் சுதந்திரமானால் பிள்ளையும் சுதந்திரம். மாமனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நகரம் முழுக்கக் கடனும் நன்கொடையும் கேட்டு அலைந்தார். எஜமானின் வேலை முடிந்தபின் நள்ளிரவு தாண்டியும் உழைத்து 1778-க்குள் அந்தக் கடனை அடைத்தார். அதன்பிறகு தன் விடுதலைக்கு விலை பேசினார். வின்கூப் மறுத்தார். பல முறை கேட்டு, கடைசியில் 1784-ல்தான் விடுதலைப் பத்திரம் கிடைத்தது. அப்போது அவருக்கு 38 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. விடுதலையான பிறகும் அதே கடையில், இம்முறை கூலிக்கு, வேலை பார்த்தார்.

பிலடெல்பியாவில் பரிசுத்த ஜார்ஜ் மெத்தடிஸ்ட் ஆலயம் என்று ஒன்று. அங்கே அப்சலோமும் அவரைவிட வயதில் இளையவரான ரிச்சர்ட் ஆலனும் தங்கள் மக்களுக்குப் பிரசங்கம் செய்துவந்தார்கள். ஆலனும் அடிமைத்தளையை விலை கொடுத்து அறுத்தவர். இருவரும் சேர்ந்து 1787-ல் சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாதச் சந்தா வாங்கி, நோயாளிக்கும் விதவைக்கும் தகப்பனற்ற பிள்ளைக்கும் உதவியது அந்தச் சங்கம்.

ஜார்ஜ் ஆலயத்துக்கு வரும் கறுப்பின மக்கள் பெருகப் பெருக, வெள்ளை நிர்வாகிகள் அவர்களைச் சுவரோரம் ஒதுக்கினார்கள். ஆலயத்தை விரித்துக் கட்டி மாடி எழுப்பியபோது இவர்களும் பணம் கொடுத்தார்கள், தரை போட உழைத்தார்கள். வேலை முடிந்ததும் உங்கள் இடம் இனி மாடிதான் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிறு ஜெபம் தொடங்கியதும் அப்சலோம் மாடியில் தமக்கு விதித்த இடத்தைத் தாண்டி மண்டியிட்டிருந்தார். ஒருவர் வந்து தோளைப் பிடித்து இழுத்தார். ஜெபம் முடியட்டும், எழுந்துவிடுகிறேன் என்று அப்சலோம் கேட்டுப் பார்த்தார். வந்தவர் விடவில்லை, இன்னொருவரையும் கைகாட்டிக் கூப்பிட்டார். ஜெபம் முடிந்ததும் கறுப்பின மக்கள் அனைவரும் ஒன்றாக எழுந்து வெளியேறினார்கள்.

இந்தக் காட்சியைச் சொல்லும் பலர் ஒரு விவரத்தைக் கடந்துபோய்விடுகிறார்கள். அப்சலோமை இழுத்தவர் குருவானவர் அல்ல, ஆலயத்தின் அறங்காவலர், அதாவது நிர்வாகக் குழு உறுப்பினர். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை வேதம் தீர்மானிக்கவில்லை, கமிட்டி தீர்மானித்தது. வெளியேறிய மக்கள் அதை மறக்கவில்லை என்பது அவர்கள் பிறகு எழுதிய விதிகளில் தெரிகிறது.

தங்களுக்கென்று ஆலயம் கட்ட ஐந்தாம் தெருவில் நிலம் வாங்கினார்கள். வெள்ளை மருத்துவர் பெஞ்சமின் ரஷ் போன்ற சிலர் நன்கொடை திரட்டித் தந்தார்கள். 1793 ஆகஸ்டில் கூரை ஏறியபோது ஒரு விருந்து நடந்தது. முதல் பந்தியில் வெள்ளையர் சாப்பிட, கறுப்பின மக்கள் பரிமாறினார்கள். அடுத்த பந்தியில் கறுப்பின மக்கள் உட்கார, வெள்ளையர் பரிமாறினார்கள். சமபந்தி என்று இதைச் சொல்ல மாட்டோம், பந்தி இரண்டாகத்தானே நடந்தது. ஆனாலும் அந்தக் காலத்தில் அந்த நகரத்தில் அது பெரிய செய்திதான்.

அந்த நாட்களிலேயே நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. சுமார் 50,000 பேர் வாழ்ந்த ஊரில் சில மாதங்களில் 5,000 பேர் வரை இறந்தார்கள். வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கறுப்பின மக்களை அந்தக் காய்ச்சல் தொற்றாது என்று ரஷ் தவறாக நம்பி உதவி கேட்டார். அப்சலோமும் ஆலனும் ஆட்களைத் திரட்டினார்கள். நோயாளிகளைக் கவனித்தார்கள், யாரும் தொட அஞ்சிய பிணங்களை அடக்கம் செய்தார்கள். தொற்றாது என்பது பொய்யாகி அவர்களிலும் ஏராளமானோர் செத்தார்கள். காய்ச்சல் ஓய்ந்ததும் மாத்யூ கேரி என்ற பதிப்பாளர், நோயாளிகளிடம் கறுப்பின மக்கள் அதிகக் கூலி பிடுங்கினார்கள், திருடினார்கள் என்று எழுதினார். அப்சலோமும் ஆலனும் வரவு செலவுக் கணக்கோடு 1794-ல் ஒரு சிறுநூல் வெளியிட்டுப் பதில் சொன்னார்கள். வாங்கியதைவிடச் செலவழித்ததுதான் அதிகம் என்று கணக்கு காட்டியது. பிணம் தூக்க ஒரு சாதி, பழி சுமக்கவும் அதே சாதி என்ற கணக்கு நம் வாசகர்களுக்குப் புதிதல்ல.

இனி எந்தச் சபையோடு சேர்வது என்ற கேள்வி வந்தது. அப்சலோமும் ஆலனும் மெத்தடிஸ்ட் சபையையே விரும்பினார்கள். பெரும்பான்மையினர் எபிஸ்கோபல் சபை என்றார்கள். இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து வந்து, அமெரிக்க விடுதலைக்குப் பின் தனியாக அமைந்த சபை அது. ஆலன் தம் வழியில் போய் பெத்தேல் ஆலயத்தைத் தொடங்கினார். அப்சலோம் தம் விருப்பத்தை விட்டுவிட்டு மக்களின் முடிவோடு நின்றார். நம் பார்வையில் அவருடைய பெருமைகளில் இதற்கு முதலிடம் தரலாம்.

1794 ஜூலை 17 அன்று பரிசுத்த தோமா ஆப்பிரிக்க ஆலயம் திறக்கப்பட்டது. எபிஸ்கோபல் சபையில் சேர மூன்று நிபந்தனைகள் வைத்தார்கள். தனித்தனி ஆட்களாக அல்ல, அமைப்பாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும். உள் நிர்வாகம் எங்களிடமே இருக்க வேண்டும். அப்சலோமை வழிபாடு நடத்த அனுமதித்து, தகுதி கண்டபின் குருவாக அபிஷேகம் செய்ய வேண்டும். பேராயர் வில்லியம் ஒயிட் காலத்தில் அந்த ஆண்டே இது ஏற்கப்பட்டது.

உள் நிர்வாகம் என்பது கமிட்டிதான். எபிஸ்கோபல் சபையில் அதற்கு வெஸ்ட்ரி என்று பெயர். நம் ஊரில் வெஸ்ட்ரி என்றால் குருவானவர் அங்கி மாற்றும் அறை. இங்கிலாந்தில் அந்த அறையில் கூடிப் பேசியதால் கூட்டத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. சபை மக்கள் தங்களுக்குள் நின்று, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு அது. சொத்தும் பணமும் அதன் பொறுப்பு, குருவானவரை அழைப்பதும் அதன் உரிமை. தோமா ஆலயத்தார் இதற்கு எழுதிய விதி கூர்மையானது. ஆப்பிரிக்கரும் ஆப்பிரிக்க வம்சத்தாருமான ஆண்களே இங்கே தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்கப்படலாம். குருவானவர், உதவிக் குருவானவர் பதவிகளுக்கு மட்டும் விலக்கு. குருவானவராக இருப்பவருக்குத் தேர்தலில் ஓட்டு கிடையாது.

கடைசி விதியைக் கவனிக்க வேண்டும். அன்று கறுப்பின மக்களில் அபிஷேகம் பெற்ற எபிஸ்கோபல் குரு எவருமில்லை. நாளை ஒரு வெள்ளைக் குரு வரலாம், வந்தால் வழிபாடு நடத்தட்டும், ஆனால் கமிட்டியில் கைவைக்கக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள் என்பதே நம் கருத்து. அந்த விதி அப்சலோமுக்கும் பொருந்தியது. ஆலயத்தை எழுப்பியவருக்கே ஆலயத் தேர்தலில் ஓட்டில்லை. விதியின் சொற்கள் ஆண்களோடு நின்றுவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காய்ச்சல் படுக்கைகளுக்கு அருகில் உட்கார்ந்த பெண்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

1796-ல் மாநில அரசின் பதிவும் கிடைத்தது. அதே ஆண்டில் ஆலனின் பெத்தேலில் நடந்ததை ஒப்பிட்டால் இந்த முன்யோசனையின் மதிப்பு விளங்கும். அங்கே பதிவுப் பத்திரத்தை எழுதித்தந்த வெள்ளைப் போதகர், சொத்தின் கட்டுப்பாட்டை மெத்தடிஸ்ட் தலைமையிடம் போய்ச் சேரும்படி எழுதிவிட்டார். தெரிந்ததும் வழக்கு, வாக்குவாதம் என்று ஆண்டுகள் ஓடின. 1815-ல் ஏலத்துக்கு வந்த தம் சொந்த ஆலயத்தை ஆலன் 10,000 டாலருக்கு மேல் கொடுத்து எடுக்க நேர்ந்தது.

தோமா ஆலயம் உள்ளே காத்துக்கொண்டதற்கு வெளியே விலை கொடுத்தது. குருவாக விரும்புகிறவருக்கு கிரேக்கமும் லத்தீனும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எபிஸ்கோபல் விதி. அடிமையாக இருந்தவருக்கு லத்தீன் எங்கிருந்து வரும்? 1795-ல் திருமண்டலப் பெருமன்றம் அப்சலோமுக்கு அந்த விதியைத் தளர்த்தியது. கூடவே ஒரு நிபந்தனை போட்டது. தோமா ஆலயத்திலிருந்து குருவோ சபைப் பிரதிநிதியோ பெருமன்றத்துக்கு வரக் கூடாது, சபையின் பொது நிர்வாகத்தில் தலையிடக் கூடாது. மற்ற ஆலயங்கள் அனுப்பிய பிரதிநிதிகள் கூடிச் சட்டம் போட்டார்கள், அந்தச் சட்டம் தோமா ஆலயத்துக்கும் செல்லும், ஓட்டு மட்டும் இல்லை. கிராம சபையில் உட்காரலாம், மாவட்டத்தில் வாய் திறக்கக் கூடாது என்றால் எப்படி இருக்கும், அப்படி.

அப்சலோம் 1795-ல் உதவிக் குருவாகவும், பல ஆண்டுகள் கழித்துக் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். அமெரிக்க எபிஸ்கோபல் சபையின் முதல் கறுப்பினக் குரு அவர்தான். அந்த நிபந்தனைக்குத் தலையாட்டியிருக்கக் கூடாது என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். கையில் இருந்த கமிட்டியை அவர்கள் விடவில்லை என்பதையே நாம் பெரிதாகப் பார்க்கிறோம். அந்தக் கமிட்டியில் உட்கார்ந்தவர்களில் ஜேம்ஸ் ஃபோர்ட்டனும் ஒருவர். கப்பல் பாய் தைக்கும் பட்டறையின் முதலாளி, கறுப்பரும் வெள்ளையரும் அவரிடம் வேலை பார்த்தார்கள். 1799 இறுதியில் அப்சலோம், ஃபோர்ட்டன் உட்பட 71 பேர் அடிமை முறைக்கு எதிராக நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினார்கள். அதை ஏற்க மறுத்து 85 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர். அந்த நாட்டில் இவர்களுக்கு வேறு எங்கே ஓட்டு இருந்தது? பென்சில்வேனியா 1838-ல் தன் அரசியல் சட்டத்தில் வெள்ளையர் என்ற சொல்லைச் சேர்த்து, பெயரளவில் இருந்த வாக்குரிமையையும் பறித்தது. அது திரும்பக் கிடைத்தது 1870-ல். இடைப்பட்ட காலமெல்லாம் தோமா ஆலயத்தில் வேட்பாளராக நின்றார்கள், வாக்களித்தார்கள், கணக்கு கேட்டார்கள்.

அப்சலோம் 1818 பிப்ரவரி 13 அன்று, 71 வயதில் இறந்தார். எபிஸ்கோபல் சபை இன்று அந்த நாளை அவருடைய நினைவுத் திருநாளாக வைத்திருக்கிறது. அவருக்குப் பின் வில்லியம் டக்ளஸ் என்ற கறுப்பினக் குரு வந்துசேர 1834 ஆகிவிட்டது. நடுவில் வெள்ளைக் குருக்கள் வந்து வழிபாடு நடத்திப் போனார்கள். கமிட்டி மாறவில்லை, ஓட்டில்லாக் குரு என்ற பழைய விதி காவல் காத்தது.

நியூயார்க்கில் இதேபோல் ஒதுக்கப்பட்ட பரிசுத்த பிலிப்பு ஆலயத்துக்குப் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1853-ல் பெருமன்றக் கதவு திறந்தது. தோமா ஆலயத்தின் பிரதிநிதிகளைப் பிலடெல்பியாவில் உள்ளே விட்டது 1860-களில், அடிமை முறைக்காக உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது. நிபந்தனை போட்டு ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஓடியிருந்தன. அன்று உள்ளே போனவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது, அப்சலோமுக்கு ஓட்டுத் தராத அதே சபைதான்.