ராமானுஜன் அனுப்பினார்... பதில் வந்ததா?

எழுதின கதையைப் பதிப்பகத்துக்கு அனுப்பிட்டு இன்பாக்ஸையே பார்த்துட்டு இருக்கீங்களா? அப்போ கணித மேதை ராமானுஜனைத் தெரிஞ்சுக்கோங்க. செவிலிமேட்டுக்காரங்களுக்கு இவர் கொஞ்சம் நம்ம ஊர்ப் பையனும்கூட!

1887-ல் ஈரோட்டில் பிறந்தவர், 1892-ல் பள்ளியில் சேர்ந்தது காஞ்சிபுரத்தில். கல்லூரிப் படிப்பை முடிக்கலை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க். சம்பளம் 30 ரூபாய்.

அதே வருஷம் அவர் கணக்குகள் லண்டன் பேராசிரியர் ஹில்லுக்குப் போச்சு. ஹில் மாணவராகச் சேர்த்துக்கலை. ஆனா குறைகளைச் சொல்லி, படிக்க ஒரு புத்தகமும் சொன்னார். கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் ரெண்டு பேரும் உதவ முன்வரலை. ராமானுஜன் விடலை. 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதம் அவரை 1914-ல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோச்சு. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920-ல், 32 வயசுலயே மறைந்தார்.

கவனிச்சீங்களா? ஹில் சொன்ன 'இல்லை' வேற, மத்த ரெண்டு பேரோட 'இல்லை' வேற. அதனால உங்க போன்ல ஒரு பட்டியல் போடுங்க: யாருக்கு, எந்தத் தேதியில், எதை அனுப்பினீங்க, என்ன பதில். திருத்தச் சொன்னா திருத்துங்க. வெறும் மறுப்புன்னா, அடுத்த பெயரை எழுதுங்க!