நாளை என்று தள்ளினார். நாள் குறித்ததும் வென்றார்!

நீராவி எந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட்டின் கதை

மின்சார விளக்கு வாங்கும்போது அது எத்தனை வாட் என்று கேட்கிறோம். கிணற்று மோட்டார் வாங்கும்போது எத்தனை குதிரைச்சக்தி என்று கேட்கிறோம்.

வாட் என்பது ஒரு மனிதரின் பெயர். குதிரைச்சக்தி என்ற அளவை வகுத்தவரும் அவர்தான்.

அவர் ஜேம்ஸ் வாட். நீராவி எந்திரத்தைச் சீர்திருத்தி, ஆலைகளையும் சுரங்கங்களையும் ஓட வைத்தவர்.

அவருக்கு அந்த அரிய யோசனை தோன்றியது 1765-ம் ஆண்டில். அது எந்திரமாகி ஒரு சுரங்கத்தில் வேலை செய்யத் தொடங்கியது 1776-ம் ஆண்டில். நடுவே பதினொரு வருடங்கள் ஓடிவிட்டன!

வாட் சோம்பேறி அல்லர். பிறகு ஏன் இத்தனை தாமதம்? அந்தத் தாமதத்தை அவர் எப்படி வென்றார்?

கடை வைத்த இளைஞர்

ஸ்காட்லாந்து நாட்டில் கிரீனக் என்ற துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே 1736-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி வாட் பிறந்தார். தந்தை கப்பல் சாமான்கள் செய்பவர், வியாபாரி. மகனுக்கு அடிக்கடி உடல்நலம் கெடும். தலைவலி அவரை ஆயுள் முழுவதும் வாட்டியது. ஆனால் கைவேலையில் கெட்டிக்காரர்.

1755-ல் லண்டனுக்குப் போனார். தராசு, அளவுகோல், திசைகாட்டி முதலிய நுட்பமான கருவிகள் செய்யும் தொழிலை ஒரே வருடத்தில் கற்றார். பிறகு கிளாஸ்கோ நகருக்கு வந்தார். அங்குள்ள பல்கலைக்கழகம் அவருக்குத் தன் கட்டிடத்திலேயே ஒரு பட்டறை வைக்க இடம் கொடுத்தது. 1759-ல் ஜான் கிரெய்க் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து கடையும் வைத்தார்.

கிரெய்க் பணத்தையும் கணக்கையும் பார்த்தார். வாட் பொருள்களைச் செய்தார். வியாபாரம் வளர்ந்தது. 1764-ல் மார்கரெட் என்ற உறவுக்காரப் பெண்ணை மணந்தார்.

பழுது பார்க்க வந்த பொம்மை

அந்தக் காலத்தில் சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை வெளியேற்ற ஒரு நீராவி எந்திரம் இருந்தது. அதைச் செய்தவர் நியூகோமன். அதன் சிறிய மாதிரி ஒன்று பல்கலைக்கழகத்தில் இருந்தது. அது ஓடவில்லை. 1763-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் அது வாட்டிடம் பழுது பார்க்க வந்தது.

வாட் அதைச் சரி செய்தார். ஆனால் அது நீராவியை விழுங்கும் வேகம் அவரைத் திகைக்க வைத்தது.

காரணத்தைத் தேடினார். அந்த எந்திரத்தின் சிலிண்டருக்குள் நீராவி புகும். உடனே குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். ஆவி சுருங்கித் தண்ணீராகும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுமுனையில் பம்பு மேலே எழும்.

ஒவ்வொரு முறையும் சிலிண்டர் குளிர்ந்துவிடும். அதை மறுபடியும் சூடாக்க வேண்டும். ஒரு தோசை வார்த்ததும் கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்து, மீண்டும் காய வைத்து, அடுத்த தோசை வார்ப்பது போன்ற வேலை! விறகு எத்தனை வீணாகும்?

1765-ம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளாஸ்கோ நகரின் புல்வெளியில் வாட் உலாவிக்கொண்டிருந்தார். திடீரென்று வழி தோன்றியது. ஆவியைக் குளிர வைக்கத் தனியாக வேறு ஒரு பாத்திரம் இருக்கட்டும். அது எப்போதும் குளிர்ந்தே இருக்கும். சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும்.

யோசனை அவ்வளவுதான். சில வாரங்களில் சிறு மாதிரியும் செய்துவிட்டார்.

முடியாத வேலை

மாதிரி செய்தாயிற்று. பெரிய எந்திரம் செய்ய வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். நீராவி வெளியே கசியாதபடி, வட்டம் பிசகாத பெரிய சிலிண்டர் வேண்டும். அப்படிக் கடையும் ஆட்கள் அருகில் இல்லை. அது வாட்டின் குற்றமல்ல.

ஆனால் அவருடைய குணமும் குறுக்கே நின்றது. எதையும் முழுமையாகச் செய்ய வேண்டும் என்பார். ஒன்றைச் செய்யும்போதே அதைவிட நல்ல வழி மனதில் தோன்றும். முதல் வேலையை அப்படியே விட்டுவிட்டுப் புதியதைத் தொடுவார். நேராகச் சக்கரத்தைச் சுழற்றும் நீராவி எந்திரம் ஒன்றில் மாதக்கணக்காக மூழ்கினார். அது கைகூடவில்லை.

இன்னொரு பயமும் இருந்தது. கணக்குத் தீர்ப்பது, விலை பேசுவது, கூலியாட்களோடு வாதாடுவது என்றால் அவருக்கு நடுக்கம். பீரங்கியின் முன் நிற்கச் சொன்னால்கூட நின்றிருப்பார். பேரம் பேச நிற்க மாட்டார். அந்த வேலைகளை எல்லாம் நாளை, நாளை என்று தள்ளினார்.

1765-ல் கூட்டாளி கிரெய்க் காலமானார். கணக்குப் பார்க்க ஆள் இல்லை. கடன் மட்டும் ஏறியது.

கை கொடுத்தவர் கவிழ்ந்தார்

ஜான் ரோபக் என்ற தொழிலதிபர் உதவ முன்வந்தார். கேரன் இரும்பு ஆலையை நிறுவியவர்களில் ஒருவர் அவர். அவருடைய நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. வாட்டின் எந்திரம் வந்தால் சுரங்கம் பிழைக்கும். வாட்டுக்கு இருந்த 1,000 பவுன் கடனை ஏற்றார். பதிலுக்குக் கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றார்.

1769-ம் ஆண்டு ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. பதினான்கு வருடம்தான் செல்லும். அதற்குள் எந்திரம் செய்து விற்று லாபம் பார்க்க வேண்டும். பிறகு யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

அதே ஆண்டில் கின்னீல் என்ற இடத்தில் ஓர் எந்திரம் எழுந்தது. சிலிண்டர் சரியில்லை. எங்கும் கசிந்தது. ரோபக் அவசரப்படுத்தி எழுதிக்கொண்டே இருந்தார். வாட்டின் மனம் சோர்ந்தது. எந்திரம் வெயிலிலும் மழையிலும் கிடந்து துருப்பிடித்தது.

குடும்பம் சாப்பிட வேண்டுமே! வாட் கால்வாய்கள் வெட்ட நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். அன்றாடச் செலவுக்குப் பணம் வந்தது. எந்திரமோ நின்ற இடத்திலேயே நின்றது.

1773-ம் ஆண்டு இரண்டு இடிகள் விழுந்தன. ரோபக் நொடித்துப்போனார். செப்டம்பரில் வாட் வடக்கு மலைப்பகுதியில் நிலம் அளந்துகொண்டிருந்தபோது, பிரசவத்தில் மனைவிக்கு ஆபத்து என்று செய்தி வந்தது. அவர் வீடு வந்து சேருமுன் மார்கரெட்டின் உயிர் பிரிந்துவிட்டது. சோர்ந்தபோதெல்லாம் தைரியம் சொன்ன துணை போய்விட்டது. தாயில்லாக் குழந்தைகள், கையில் காசில்லை, காப்புரிமையிலோ நாலு வருடத்துக்கு மேல் கரைந்துவிட்டது.

நாள் குறித்த கூட்டாளி

இங்கிலாந்தின் பிர்மிங்காம் நகரருகே சோஹோ என்ற இடத்தில் மாத்யூ போல்டன் பெரிய தொழிற்சாலை நடத்திவந்தார். பொத்தான், கொக்கி, வெள்ளிச் சாமான்கள் செய்யும் நூற்றுக்கணக்கான கைதேர்ந்த தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். கோடையில் ஓடை வற்றினால் அவருடைய நீர்ச்சக்கரம் நின்றுவிடும். ஆகவே நீராவி எந்திரத்தில் அவருக்கு ஆசை.

1769-ல் மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் எந்திரம் செய்யும் உரிமையைத் தருவதாக ரோபக் சொன்னார். போல்டன் வேண்டாம் என்றார். செய்தால் உலகம் முழுவதற்கும் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இப்போது ரோபக், போல்டனுக்கு 1,200 பவுன் கடன்பட்டிருந்தார். கடன்காரர்கள் ரோபக்கின் சொத்துக்களைப் பங்கிட்டபோது, அந்த எந்திரத்துக்குக் காலணா மதிப்பும் தரவில்லை. போல்டனோ தம் கடனுக்கு ஈடாக அதையே கேட்டு வாங்கிக்கொண்டார்!

1774-ம் ஆண்டு வாட் பிர்மிங்காமுக்குக் குடிவந்தார். கின்னீலில் துருப்பிடித்த எந்திரமும் பிரித்துக் கொண்டுவரப்பட்டது.

அன்று முதல் வேலை இரண்டாகப் பிரிந்தது. வரைபடம், சோதனை, சீர்திருத்தம் ஆகியவை வாட்டின் பொறுப்பு. பணம், பேரம், ஆள் பிடிப்பது, ஆர்டர் வாங்குவது ஆகியவை போல்டனின் பொறுப்பு. எந்தெந்த வேலைகளைக் கண்டு வாட் ஒளிந்தாரோ, அவற்றில் பெரும்பகுதி அவர் தலையிலிருந்து இறங்கியது.

வட்டமான சிலிண்டருக்கும் வழி பிறந்தது. இரும்பு ஆலை முதலாளி ஜான் வில்கின்சன், பீரங்கிக் குழாய் குடைய 1774-ல் புதிய பொறி ஒன்றைச் செய்திருந்தார். அவர் குடைந்துகொடுத்த சிலிண்டரில் கசிவு அடங்கியது.

காலம் போதாதே என்ற கவலை இருந்தது. 1775-ல் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பித்து, காப்புரிமையை 1800-ம் ஆண்டு வரை நீட்டிப் பெற்றார்கள்.

1776-ம் ஆண்டு மார்ச் மாதம் டிப்டன் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் வாட்டின் எந்திரம் பலர் முன்னிலையில் ஓடியது. இன்னும் நல்ல வழி மனதில் வந்திருக்கலாம். ஆனால் வாங்கியவர் காத்திருந்தார், நாள் குறித்தாயிற்று. முதலில் ஓடட்டும், அடுத்ததைப் பிறகு திருத்தலாம் என்ற புதிய வழக்கம் அன்று பிறந்தது.

பயந்த வேலையை எளிதாக்கினார்

1777 முதல் கார்ன்வால் பகுதிச் செம்பு, தகரச் சுரங்கங்களுக்கு எந்திரங்கள் போயின. பழைய எந்திரத்துக்கு வேண்டிய நிலக்கரியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே இதற்குப் போதும். மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கம்பெனிக்குத் தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

எவ்வளவு மிச்சம் என்று சண்டை வராதா? எந்திரம் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணும் சிறு கருவியைப் பூட்டிய பெட்டியில் வைத்தார் வாட். வாக்குவாதத்துக்குப் பயந்தவருக்கு அந்த எண் துணை நின்றது.

கடிதங்கள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் கையால் நகல் எழுதி வைக்க வேண்டும். அது அவருக்கு எரிச்சலான வேலை. 1780-ல் அதற்கும் ஒரு பொறி செய்துவிட்டார். தனி மையால் எழுதிய கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் நகல் விழும். பிற்காலத்தில் ஆபீசுகளில் எல்லாம் நகல் எடுக்கும் அழுத்துப்பொறி வந்ததற்கு அதுவே முதல்.

ஆனாலும் பழைய குணம் முற்றும் போய்விடவில்லை. ஆலைச் சக்கரங்களைச் சுழற்றும் எந்திரம் வேண்டும் என்று போல்டன் வற்புறுத்தினார். மேலும் கீழும் போகும் அசைவைச் சுழற்சியாக மாற்ற வளைதண்டு ஒன்று போதும் என்று வாட்டுக்குத் தெரியும். ஆனால் அதற்கு அவர் உரிமை பதியவில்லை. 1780-ல் பிர்மிங்காமைச் சேர்ந்த ஜேம்ஸ் பிக்கார்டு முந்திக்கொண்டார்!

இந்த முறை வாட் உட்கார்ந்து வருந்தவில்லை. வேறு ஐந்து வழிகளை எழுதி, 1781 அக்டோபரில் காப்புரிமை வாங்கினார். அவற்றில் ஒன்று, ஒரு பற்சக்கரம் மற்றொன்றைச் சுற்றிவரும் அமைப்பு. சூரியனும் கிரகமும் என்று அதற்குப் பெயர். அதை உருவாக்கியதில் கம்பெனி ஊழியர் வில்லியம் மர்டாக்கின் பங்கு பெரிது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. 1782-ல் இருபுறமும் நீராவி தள்ளும் எந்திரம். 1784-ல் தண்டு நேராக ஏறி இறங்கும் அமைப்பு. 1788-ல் வேகத்தைத் தானே அடக்கும் சுழல் குண்டுகள். எந்திரத்தின் பலத்தை ஆலைக்காரர்களுக்கு விளக்க, அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று கணக்கிட்டார். அதுவே குதிரைச்சக்தி.

1800-ல் காப்புரிமை முடிந்தபோது நானூறுக்கு மேற்பட்ட எந்திரங்கள் ஓடின. வாட் செல்வராகி, மகன்களிடம் தொழிலை விட்டு ஓய்வு பெற்றார்.

கடைசிப் பொறி

ஓய்வுக் காலத்திலும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டு மாடியில் பட்டறை வைத்து, சிலைகளை நகல் செதுக்கும் பொறி ஒன்றைச் செய்தார். அழகாகச் செதுக்கியது. மேலும் மேலும் திருத்திக்கொண்டே இருந்தார். 1809-ல் போல்டன் காலமாகியிருந்தார். நாள் குறித்துக் கேட்க ஆள் இல்லை. அந்தப் பொறி கடைசிவரை விற்பனைக்கு வரவே இல்லை.

1819-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி, தம் 83-வது வயதில் வாட் காலமானார். அந்த மாடிப் பட்டறை இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்து வங்கி 2011-ல் வெளியிட்ட 50 பவுன் நோட்டில் வாட், போல்டன் இருவரின் படங்களும் சேர்ந்தே இடம்பெற்றன.

வாட்டின் குணம் மாறவில்லை, ஏற்பாடு மாறியது. தமக்கு வராத வேலையை அது வருகிறவரிடம் விட்டார். சலிப்புத் தந்த வேலையைச் சுருக்கினார். கெடு வைத்துக் கேட்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தொழில் நடத்துகிற ஒருவர் இன்றைக்கே செய்யக்கூடிய காரியங்கள்தாம் இவை.