நிக்கொலாஸ் ஓட்டோ

நிக்கொலாஸ் ஆகஸ்ட் ஓட்டோ (ஜூன் 10, 1832 – ஜனவரி 26, 1891) ஜெர்மனியைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர் ஆவார். நான்கு வீச்சுகளில் இயங்கும் உள் எரி பொறியை நடைமுறைக்கு உகந்த வகையில் உருவாக்கியவர் இவர். பெட்ரோல் பொறிகளின் அடிப்படைச் சுழற்சி இவர் பெயரால் ஓட்டோ சுழற்சி என அழைக்கப்படுகின்றது. எனினும், அதற்கான ஜெர்மானியக் காப்புரிமையை இவர் தம் வாழ்நாளிலேயே இழந்தார்.

வாழ்க்கை

ஹோல்ட்ஸ்ஹவுசன் என்னும் சிற்றூரில் பிறந்த ஓட்டோ, பொறியியல் கல்வி பெற்றவர் அல்லர். ஊர் ஊராகச் சென்று பொருட்களை விற்கும் வணிகப் பணியில் இருந்தார். லெனுவார் உருவாக்கிய எரிவளிப் பொறியைப் பற்றி அறிந்து, அதனை மேம்படுத்த முனைந்தார். 1864 இல் ஆய்கன் லாங்கனுடன் இணைந்து கொலோன் நகரில் பொறித் தொழிலகம் ஒன்றைத் தொடங்கினார். இவர்களது பொறி 1867 ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. 1872 இல் இத்தொழிலகம் டாய்ட்ஸ் எரிவளிப் பொறித் தொழிற்சாலையாக வளர்ந்தது. டைம்லர், மேபாக் ஆகியோர் அங்குப் பணியாற்றினர்.

நான்கு வீச்சுப் பொறி

1876 இல் ஓட்டோ தமது புதிய பொறியை இயக்கினார். உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கும் ஒரே உருளையில் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1877 இல் இதற்கு 532 ஆம் எண் ஜெர்மானியக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆனால், உருளைக்குள் எரிபொருட் கலவை அடுக்கடுக்காக அமைவதே தமது முதன்மைக் கண்டுபிடிப்பு என ஓட்டோ கருதினார். தீப்பற்றும் இடத்தில் செறிவான கலவையும் பிஸ்டன் அருகே செறிவு குறைந்த கலவையும் இருப்பதால், எரிதல் மென்மையாக நிகழ்கின்றது என்பது அவரது விளக்கம்.

காப்புரிமை வழக்கு

இக்காப்புரிமை பிற பொறி உற்பத்தியாளர்களுக்குத் தடையாக இருந்தமையால், அவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். பிரெஞ்சுப் பொறியாளர் போ டி ரோஷா 1862 இல் வெளியிட்ட சிறுநூலில் நான்கு வீச்சு முறை விளக்கப்பட்டிருந்தது சான்றாக முன்வைக்கப்பட்டது. ரோஷா அத்தகைய பொறியை உருவாக்கவில்லை. ஆயினும், முன்னரே வெளியான கருத்து புதியதாகாது என்பதால், ஜனவரி 30, 1886 அன்று லைப்சிக் உயர்நீதிமன்றம் காப்புரிமையின் முக்கிய உரிமைக் கோரிக்கைகளை நீக்கியது. கார்ல் பென்ஸ் தமது தானுந்துக்குக் காப்புரிமை கோரியதற்கு மறுநாள் இது நிகழ்ந்தது. மாறாக, அதே நூலை ஆராய்ந்த இங்கிலாந்து நீதிமன்றம் ஓட்டோவின் உரிமையை நிலைநிறுத்தியது. நூலகத்தில் ஒரு படி இருப்பது மட்டுமே பொதுமக்கள் அறிந்ததாகாது என அது முடிவு செய்தது.

பிற்காலம்

தீர்ப்புக்குப் பின் நான்கு வீச்சுப் பொறிகளை ஜெர்மனியில் எவரும் தடையின்றி உருவாக்க முடிந்தது. ஓட்டோ 1891 இல் கொலோனில் காலமானார். அவரது காலத்தில் ஐயத்துடன் நோக்கப்பட்ட அடுக்குக் கலவைக் கருத்து, 1970களில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தப் பயன்பட்டது. அம்முறையில் அமைந்த ஹோண்டாவின் சி.வி.சி.சி. பொறி, வினையூக்கி மாற்றி இன்றியே அமெரிக்காவின் புகை வரம்புகளை நிறைவு செய்தது.